சி.டி. இல்லாமல், பென் டிரைவ் இல்லாமல்...



லேபில் நாம் எல்லோரும் ஒரு கம்ப்யூட்டருக்காவது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டிருப்போம். பென் டிரைவைச் செருகு, மொழி கேட்டால் ஒரு கிளிக், நேரம் கேட்டால் ஒரு கிளிக், நடுவில் கேன்டீனுக்குப் போய் ஒரு டீ. எப்படியும் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அதே வேலையை 24 சர்வர்களுக்குச் செய்யச் சொன்னால்? கணக்குப் போட்டுப் பாருங்கள், 18 மணி நேரம். அதிலும் ரேக்கில் அடுக்கி வைத்த சர்வருக்கு மானிட்டரும் கிடையாது, கீ-போர்டும் கிடையாது. ஒவ்வொன்றாக மாட்டி மாட்டிக் கழற்ற வேண்டும்.

இன்-பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் எனக்கு வந்த வேலை இதுதான். பாலக்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்த அந்த நாட்களில் கற்றுக்கொண்டதையும், அங்கே நான் பண்ணிய ஒரு தப்பையும் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பிரச்சினை நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, அதில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ் என்பது சென்னை சி-டாக் தயாரித்தது, டெபியன் வழி வந்தது. லட்சக்கணக்கில் கொடுக்கும் பெட்டியில் ஒருவர் உட்கார்ந்து 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டிருந்தால் வேலை ஆகுமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றுமே இல்லாத சர்வர், தானாக எப்படி எழுந்திருக்கும்? அதன் நெட்வொர்க் கார்டிலேயே ஒரு குட்டி புரோகிராம் இருக்கிறது. பி.எக்ஸ்.இ. என்று பெயர், 'பிக்ஸி' என்று சொல்வார்கள். இன்டெல் கம்பெனி கொண்டுவந்த முறை இது. 1999-ல் வந்த 2.1 பதிப்புதான் ரொம்ப காலம் அடிப்படையாக இருந்தது.

ஹாஸ்டலுக்குப் புதிதாக வந்த பையனை நினைத்துக்கொள்ளுங்கள். யாரையும் தெரியாது. வராந்தாவில் நின்று, "எனக்கு எந்த ரூம்?" என்று பொதுவாகக் கத்துகிறான். இதுதான் பிராட்காஸ்ட். வார்டன் பதில் சொல்கிறார்: "உனக்கு 12-ம் நம்பர் ரூம். சாமான் வேண்டுமென்றால் ஸ்டோர் கீப்பரிடம் போய், இந்தப் பெயரைச் சொல்லிக் கேள்." இங்கே வார்டன்தான் டி.எச்.சி.பி. சர்வர். ஐ.பி. முகவரியோடு, அடுத்து எந்த சர்வரிடம் எந்த ஃபைலைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். ஸ்டோர் கீப்பர், டி.எஃப்.டி.பி. சர்வர். இவர் ரொம்ப எளிமையான ஆள். பாஸ்வேர்டு கேட்கமாட்டார். ஆனால் ஒரு தடவைக்கு 512 பைட்தான் கொடுப்பார். "வந்து சேர்ந்தது" என்று பதில் வந்தால்தான் அடுத்ததை எடுப்பார். அதனால் பூட் லோடர், கெர்னல் போன்ற சின்ன ஃபைல்களை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு, பெரிய பேக்கேஜ்களை எச்.டி.டி.பி. வழியாக இழுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்ஸ்டாலர் எழுந்துவிட்டது. கேள்வி கேட்குமே, யார் பதில் சொல்வது? அதற்குத்தான் விடைத்தாளை முன்கூட்டியே எழுதி வைக்கிறோம். ரெட் ஹாட் வகையில் அதற்குக் கிக்ஸ்டார்ட் என்று பெயர், டெபியனில் பிரிசீட். டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, நேரம் ஆசியா/கொல்கத்தா, எந்தெந்த பேக்கேஜ், ரூட் பாஸ்வேர்டு எல்லாம் அதில் வரும். கடைசிப் பகுதியில் நம் சொந்தக் கட்டளைகளையும் எழுதலாம். என் எஸ்.எஸ்.எச். சாவியை எல்லா சர்வரிலும் போட்டது அந்தப் பகுதிதான். அதன் பிறகு ரேக் பக்கமே போகவில்லை.

இப்போது என் தப்பு. பழைய பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துவிடு என்று விடைத்தாளில் ஒரு வரி இருந்தது. வெறும் சர்வருக்கு அது சரிதான். ஆனால் அதை 'யார் கேட்டாலும் கொடு' என்று டிஃபால்ட் ஃபைலில் வைத்துவிட்டேன். என் டி.எச்.சி.பி. சர்வரைத் தனி சுவிட்சில் மாட்டாமல் ஆபீஸ் நெட்வொர்க்கிலேயே மாட்டியிருந்தேன். மதியம் கரண்ட் போய் வந்தது. பில் போடும் அக்காவின் கம்ப்யூட்டர் ரீ-ஸ்டார்ட் ஆனது. அதன் பயாஸில் முதலில் நெட்வொர்க், பிறகுதான் ஹார்ட் டிஸ்க். சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா, "தம்பி, என் மிஷின்ல ஏதோ கறுப்பா ஓடுதே?" என்றார். நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு வாரம் முந்தைய பேக்-அப் இருந்தது, கடவுள் புண்ணியம். மீதி ஒரு வார பில்களைக் கார்பன் காப்பியைப் பார்த்து நான் படிக்கப் படிக்க அக்கா டைப் அடித்தார். இரண்டு நாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு செய்தது இது: டிஃபால்ட் ஃபைலில் 'சொந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே எழுந்திரு' என்று மட்டும் வைத்தேன். எந்த சர்வருக்கு இன்ஸ்டால் வேண்டுமோ, அதன் மேக் முகவரியின் பெயரில் தனி ஃபைல். (பிக்ஸ்லினக்ஸில் பெயருக்கு முன்னால் 01- சேர்க்க மறக்காதீர்கள். எழுத்துகள் சின்ன எழுத்தாக இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மாலை ஆனது.) வேலை முடிந்ததும் அந்த ஃபைலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் ரீ-ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் ஆகிக்கொண்டே இருக்கும். முக்கியமாக, தனி சுவிட்ச்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆன் பண்ணவும் கூடாது. ஒரு சர்வருக்கு 2 ஜி.பி. என்றால் 24-க்கு 48 ஜி.பி. 100 எம்.பி.பி.எஸ். சுவிட்சில், நல்லபடியாக ஓடினாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெரிசலில் சிலது பாதியில் நின்றுவிடும். எட்டு எட்டாக விட்டேன்.

தூரத்திலிருந்து சர்வரையே ஆஃப் பண்ணி ஆன் பண்ண ஐ.பி.எம்.ஐ. என்று ஒன்று 1998-லிருந்தே இருக்கிறது. மதர் போர்டிலேயே தனியாக ஒரு சின்ன கம்ப்யூட்டர் மாதிரி. இதன் அருமை 2024 ஜூலை 19-ல் தெரிந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனியின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எழுந்திருக்க முடியாமல் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். ஓ.எஸ். எழுந்தால்தானே நெட்வொர்க் வழியாகச் சரி செய்யலாம்? பல இடங்களில் ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

சர்வர் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். விர்ச்சுவல் பாக்ஸில் இரண்டு மெஷின் உருவாக்கி, ஒன்றில் டி.என்.எஸ்.மாஸ்க் போடுங்கள், வார்டன், ஸ்டோர் கீப்பர் இரண்டு வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இன்னொன்றுக்கு ரேம் 2 ஜி.பி.க்குக் குறையாமல் கொடுங்கள். 512 எம்.பி. கொடுத்துவிட்டு, ஏன் பாதியில் தொங்குகிறது என்று நான் அரை நாள் முழித்தேன். நெட்வொர்க் செட்டிங்கில் 'இன்டெர்னல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'பிரிட்ஜ்டு' என்று வைத்துவிட்டால் பக்கத்து ரூம்காரன் லேப்டாப்பும் உங்களிடம் வந்து முகவரி கேட்கும்.