சுவரில் கோடு போடுவது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

கிள்ளானில் நீ கற்பிக்கும் பள்ளிக்கு ஓவியர் ஒருவர் வரப்போகிறார், சிற்றுண்டிச்சாலைச் சுவரை மாணவர்களோடு சேர்ந்து தீட்டப்போகிறார் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. பெற்றோர் ஆசிரியர் சங்கம் சாய வாளிகளை வாங்குவதற்கு முன்பே நீ ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்தச் சுவரில் கோடு போடப்போவது யார், ஓவியரா, பிள்ளைகளா?

அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தவர். 1989 மே மாதம் சிகாகோவில் அரசுப் பள்ளி மாணவர் ஏறக்குறைய 500 பேர் அவரோடு சேர்ந்து ஒரு நீண்ட ஓவியத்தைத் தீட்டினார்கள். கறுப்புக் கோடுகள் அத்தனையும் அவருடையவை. உள்ளே வண்ணம் நிரப்பியவர்கள் பிள்ளைகள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக்காக 90 அடி உயரப் பதாகை ஒன்றை நியூயார்க்கில் செய்தார்கள். அங்கே சிலையின் உருவத்துக்கு மட்டும் அவர் கோடு போட்டார். ஏறக்குறைய 1000 பிள்ளைகள் அதற்குள் தங்கள் படங்களையும் சொற்களையும் எழுதி நிரப்பினார்கள். சிகாகோ ஓவியம் கண்ணுக்கு நிறைவானதுதான். ஆனாலும் பள்ளிக்கு ஏற்றது நியூயார்க் வழி. பிறர் போட்ட கோட்டுக்குள் வண்ணம் தீட்டும் பிள்ளைக்குக் கை பழகும்; என்ன வரைவது என்று யோசிக்கும் வேலை அதற்குக் கிடைக்காது.

நம் மலேசியாவிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. பினாங்கில் ஜேனட் பிள்ளை 1999இல் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பு, பிள்ளைகளை முதலில் ஜார்ஜ்டவுன் தெருக்களுக்கு அனுப்பியது. அவர்கள் கைவினைஞர்களிடமும் பழைய குடியிருப்பாளர்களிடமும் கேள்வி கேட்டார்கள். கேட்டு வந்ததைக் கலைஞர்களின் துணையோடு மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கலைஞர் முன்னால் உட்காரும்போது அந்தப் பிள்ளைகளிடம் சொல்வதற்குச் செய்தி இருந்தது.

உன் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். ஓவியர் வருவதற்கு முன் அவர்களைத் தெங்கு கிளானா சாலைக்கு அழைத்துப் போ. மாலை தொடுப்பவர் இடது கையில் நாரை இழுத்துப் பிடித்து, வலது கையால் முடிச்சைச் சுண்டி இறுக்குவார். அந்த விரல்களை மட்டும் பார்த்து வரையட்டும். பிறகு ஒருநாள் இங்கே பிரிக்பீல்ட்ஸுக்கு. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் 2001இல் திறக்கப்படுவதற்கு முன் அந்த இடம் ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் வளாகமாக இருந்தது. ரயில்வேயில் உழைத்த தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ உன் வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளைக்கு இருப்பார். வீட்டில் கேட்டு வரச் சொல்.

ஓவியரோடு பேசும்போது கூச்சப்படாதே. அவர் உழைப்புக்குரிய தொகையை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள். 'பள்ளிக்கூடம்தானே' என்று இலவசமாகக் கேட்பது தவறு. பதிலுக்கு, முதல் நாள் அவர் தூரிகையைத் தொடாமல் பிள்ளைகளின் வரைநோட்டுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று கேள். சுவரின் அடிப்பகுதியை முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு விட்டுவிடு. அவர்கள் கை எட்டும் உயரம் அதுதான். கோணல் கோடுகளைத் திருத்த யாரையும் விடாதே, தலைமையாசிரியரே சொன்னாலும் சரி. பாசியைத் தேய்த்து, அடிச்சாயம் பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். கிள்ளான் மழைக்கு ஈரச் சுவரில் எந்தச் சாயமும் நிற்காது.

வேலை முடிந்ததும் ஓவியர் தன் பெயரை எழுதும் அதே அளவில், பிள்ளைகள் அத்தனை பேரும் தங்கள் கையாலேயே பெயர் எழுத வேண்டும். இதை அவரிடம் இந்த வாரமே பேசிவிடு.

அன்புடன்,
அண்ணன்
பிரிக்பீல்ட்ஸ்