முதல் ஆஃபர் லெட்டர்: 6 லட்சமா, 5.4 லட்சமா?

கையில ரெண்டு டெவலப்பர் ஆஃபர். ஒண்ணு 6 லட்சம் சிடிசி, அதுல 60,000 வேரியபிள் பே. இன்னொண்ணு 5.4 லட்சம், வேரியபிளே கிடையாது. எதை எடுப்பீங்க?

பேசிக் பாதின்னு வெச்சுக்குவோம். 6 லட்சத்துல பேசிக் 3 லட்சம். கம்பெனி போடுற 12% பிஎஃப் 36,000, கிராஜுவிட்டி 4.81% வீதம் 14,430, வேரியபிள் 60,000. இந்த மூணும் மாசச் சம்பளத்துல வராது. உங்க பங்கு பிஎஃப் 36,000-ம் போனா, தொழில் வரிக்கு முன்னாடி மாசம் சுமார் 37,800. இதே கணக்கை 5.4 லட்சத்துக்குப் போட்டா 38,500! கிராஜுவிட்டி வாங்க பொதுவா 5 வருஷம் இருக்கணும். ஐடில முதல் வேலையில அவ்வளவு நாள் யாருங்க இருக்கா?

அதனால ஹெச்ஆர்கிட்ட கேளுங்க: போன வருஷம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க? பாண்ட் இருக்கா? நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? நான் கோட் எழுதுவேனா, சப்போர்ட் டிக்கெட் மட்டும் பார்ப்பேனா? என்னைக் கேட்டா கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ரெண்டு வருஷம் கழிச்சு இன்டர்வியூல "என்ன பண்ணீங்க"ன்னுதான் முதல்ல கேட்பாங்க.

வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுத்துடாதீங்க, அதே யுஏஎன்-ல புதுக் கம்பெனிக்கு மாத்துங்க. தொடர்ச்சியா 5 வருஷம் முடியறதுக்குள்ள எடுத்தா வரி கட்ட வேண்டி வரும்.