கல்யாண வீட்டில் ஒரு தந்தை: நகையும் அழுகையும்

நகை என்னும் மெய்ப்பாடு பிறப்பதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் காரணங்கள் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். இந்த நான்கையும் நாம் பழந்தமிழ்ப் பாடல்களோடு பொருத்திப் படிப்பதே வழக்கம். ஒரு ஹொலிவூட் குடும்ப நகைச்சுவைப் படத்தோடு பொருத்திப் பார்த்தால் என்ன என்ற எண்ணத்தில் எழுந்ததே இக்கட்டுரை.

நான் எடுத்துக்கொண்ட படம் 'ஃபாதர் ஒஃப் த பிரைட்'. 'மணமகளின் தந்தை' என்பது இதன் பொருள். எட்வர்ட் ஸ்ட்ரீட்டர் 1949 இல் எழுதிய நாவலே இதன் மூலம். 1950 இல் வின்சென்ட் மினெல்லி அதனைப் படமாக்கினார். தந்தையாக ஸ்பென்சர் ட்ரேசியும் மகளாக எலிசபெத் டெய்லரும் நடித்தனர். 1991 இல் ஸ்டீவ் மார்ட்டின் தந்தையாக நடிக்க, அதே கதை மீண்டும் படமானது. 2022 இல் மியாமியில் வாழும் கியூப அமெரிக்கக் குடும்பமொன்றின் கதையாக மூன்றாம் முறையும் வந்தது.

கதை மிக எளிது. மகள் ஒருநாள் தனக்குத் திருமணம் என்று அறிவிக்கிறாள். அன்றிலிருந்து வீடு தந்தையின் கையை விட்டுப் போகிறது. அழைப்பிதழ், ஆடை, விருந்து, மலர், கேக் என்று ஒவ்வொன்றாக உள்ளே நுழைகின்றன. அமெரிக்க வழக்கப்படி திருமணச் செலவு பெண் வீட்டாருடையது. வலீமா விருந்து மணமகனின் பொறுப்பு என்று அறிந்த நமக்கு இதை முதலில் விளங்கிக்கொள்வது அவசியம். தந்தையின் பதற்றம் எல்லாம் இந்த வழக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

நான்கு களங்கள்

எள்ளல் என்பது இகழ்ந்து நகைப்பது. பிறரை இகழ்வதும் உண்டு. தன்னையே இகழ்வதும் உண்டு. இரு படங்களும் திருமணம் முடிந்து, விருந்தின் மிச்சங்கள் சிதறிக் கிடக்கும் வீட்டில், தந்தை களைத்துப்போய் அமர்ந்து நம்மிடம் கதை சொல்வதாகத் தொடங்குகின்றன. தன் கதையைத் தானே சொல்லித் தன்னையே எள்ளுவதால் அவர் மீது நமக்கு வெறுப்பு வருவதில்லை.

இளமைக்கு 1991 ஆம் ஆண்டுப் படத்தில் அருமையான காட்சி உண்டு. உரோமில் படித்துவிட்டுத் திரும்பிய மகள், இராச் சாப்பாட்டு மேசையில் தன் திருமணச் செய்தியைச் சொல்கிறாள். தந்தையின் கண்ணுக்கு அங்கே ஒரு சின்னஞ்சிறுமி உட்கார்ந்து அதைச் சொல்வதாகத் தெரிகிறது. நாம் சிரிக்கிறோம். ஆனால் அவருக்கு அது சிரிப்பான விடயமே இல்லை.

பேதைமை அறியாமையால் வருவது. சம்பந்தி வீட்டுக்கு முதன்முறை சென்ற தந்தை, அவர்களுடைய வங்கிப் புத்தகத்தை இரகசியமாகத் துழாவுகிறார். காவல் நாய்களிடம் அகப்பட்டு, கடைசியில் நீச்சல் தடாகத்தில் விழுகிறார்.

மடன் என்பதற்குக் கொண்டதை விடாமை என்று உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். பழைய உடுப்பு இன்னும் தனக்குப் பொருந்தும் என்று அடம்பிடித்து அதற்குள் நுழையும் தந்தையை இரு படங்களிலும் காணலாம். 1991 ஆம் ஆண்டுப் படத்தின் கடைக் காட்சி இன்னும் சிறப்பானது. சொசேஜ் ஒரு பக்கெட்டில் 8, பணிஸ் ஒரு பக்கெட்டில் 12. மிஞ்சும் 4 பணிஸுக்குத் தான் காசு கொடுப்பதில்லை என்று அவற்றைப் பிரித்தெடுக்கிறார். அந்தச் சண்டை அவரைச் சிறைக்கூடம் வரை கொண்டு செல்கிறது. மகளின் கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் மனிதர் 4 பணிஸுக்காகப் போராடுவது ஏன்? அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு இனி மதிப்பில்லை. தன் சொல் செல்லும் ஓர் இடத்தை அவர் தேடுகிறார்.

நகைக்குள் அழுகை

தொல்காப்பியர் அழுகைக்கும் நான்கு களங்கள் கூறுகிறார். அவற்றுள் ஒன்று இழவு, அதாவது உரியதை இழத்தல். இப்படத்தின் நகை முழுவதும் இந்த இழவின் மேல்தான் கட்டப்பட்டுள்ளது என்பது என் கருத்து. "மகள் போகப்போகிறாள்" என்று சொல்லத் தெரியாத தந்தை, "கேக் விலை அதிகம்" என்று சொல்கிறார்.

தாயின் பக்கமும் இப்படியே. 1950 ஆம் ஆண்டுப் படத்தில், தனக்குக் கிடைக்காத தேவாலயத் திருமணம் மகளுக்காவது கிடைக்கவேண்டும் என்று தாய் ஆசைப்படுகிறாள். அது தெரிந்த பிறகு தந்தை செலவைப் பற்றி வாதாடுவதைக் குறைக்கிறார். ஆடம்பரம் என்று நாம் பழிக்கும் சில செலவுகளின் பின்னால் நிறைவேறாத ஒரு பழைய ஆசை இருக்கலாம் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

உச்சக்கட்டம் திருமண நாள். விருந்தினரைக் கவனிப்பதிலேயே தந்தையின் நேரம் போய்விடுகிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வருவதற்குள் மகள் புறப்பட்டுவிடுகிறாள். இத்தனை மாதப் பாடும் எதற்காகவோ, அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. பிறகு தொலைபேசி ஒலிக்கிறது. 1950 இல் புகையிரத நிலையத்திலிருந்தும், 1991 இல் விமான நிலையத்திலிருந்தும் மகள் பேசுகிறாள். அதுவரை சிரித்த நாம் அங்கே கண் கலங்குகிறோம்.

குறை ஒன்று

கதை தந்தையின் வாயால் சொல்லப்படுவதால், மகளின் அச்சங்கள் நமக்கு அதிகம் தெரிவதில்லை. வீட்டை விட்டுப் போகிறவள் அவள். 1991 ஆம் ஆண்டுப் படத்தில் மணமகன் அன்பளிப்பாகச் சமையலறை பிளெண்டர் ஒன்றைக் கொடுக்க, இனித் தன் வாழ்க்கை சமையலறைதானா என்று பயந்து அவள் திருமணத்தையே வேண்டாம் என்கிறாள். இந்தப் பயம் படத்தில் சீக்கிரமே சமாதானமாகிவிடுகிறது. எனக்கோ அதுவே படத்தின் மிக முக்கியமான கேள்வியாகத் தோன்றியது. மணமகளின் வாயால் சொல்லப்படும் படமாக இருந்தால் அந்தக் காட்சி இவ்வளவு விரைவில் முடிந்திருக்காது.

ஆயினும் இப்படம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லும் செய்தி தெளிவானது. விருந்துப் பட்டியலைப் பேசி முடிக்கப் பல மாதங்கள் எடுத்துக்கொள்கிறோம். வாப்பாவும் மகளும் மனம்விட்டுப் பேசுவதற்கும் அந்த மாதங்களுக்குள் ஒரு நாளை ஒதுக்கவேண்டும். அதற்கு மண்டபமும் வேண்டாம், செலவும் வேண்டாம்.