குடும்பத்திற்குரிய திருக்கோயில்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்தியோகம் நிமித்தமாகவும் பிள்ளைகளின் படிப்பு நிமித்தமாகவும் பூர்வீக கிராமத்தை விட்டு நகரங்களில் குடியேறிய ஆஸ்திகக் குடும்பங்கள் பல. உத்ஸவ காலங்களில் திவ்யதேசங்களுக்கு வந்து ஸேவிக்கும் இவர்களில் அநேகர் அர்ச்சகர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “எங்கள் குடும்பத்திற்குரிய ஸந்நிதி எது? எந்தப் பெருமாளை எங்கள் பெருமாள் என்று பற்றுவது?” என்பதே அது. இக்கேள்வி அற்பமானதன்று. இதற்கு விடை தெரியாத வீட்டுக் குழந்தைகள் எத்தனையோ கோயில்களைப் பார்த்திருப்பார்கள். ஆனால் ஒரு கோயிலிலும் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார் இருக்கமாட்டார்.

எம்பெருமான் பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்ற ஐந்து நிலைகளில் விளங்குகிறான். ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளைலோகாசாரியர் இவற்றிற்கு நீரையே உவமையாக்கினார். அந்தர்யாமி நிலத்தடி நீரைப் போன்றது. விபவம் பெருக்கெடுத்து ஓடிய ஆற்றைப் போன்றது. அர்ச்சாவதாரமோ அவ்வாற்று நீர் தேங்கி நின்ற மடுவைப் போன்றது. தாகம் கொண்டவன் குனிந்து கையால் அள்ளிப் பருகுவதற்கு உதவுவது மடுவே. ஆகவே அர்ச்சையின் ஏற்றம் கைக்கு எட்டுவதில் இருக்கிறது. குடும்பத்திற்குரிய கோயிலைத் தேடுகிறவர்கள் “எது ப்ரஸித்தமானது?” என்று கேட்பதற்கு முன் “எது நமக்கு எட்டுவது?” என்று கேட்பதே முறை.

இதற்கு உடையவரின் சரிதமே ப்ரமாணம். அவர் 1017-ல் ஸ்ரீபெரும்பூதூரில் திருவவதரித்தார். காஞ்சியில் வாழ்ந்தபோது சாலைக் கிணற்றிலிருந்து பேரருளாளனுக்குத் தீர்த்தம் சுமந்தார். திருவரங்கத்தில் கோயில் நிர்வாகத்தைத் திருத்தியமைத்தார். சோழனுடைய கொடுமையால் அரங்கத்தை விட்டு நீங்க நேர்ந்தபோது மேல்கோட்டை என்னும் திருநாராயணபுரத்தில் செல்லப்பிள்ளைக்கு உத்ஸவாதிகளை ஏற்படுத்தினார். இவ்வூர்களுள் ஸ்ரீபெரும்பூதூரும் திருநாராயணபுரமும் 108 திவ்யதேசங்களில் சேர்ந்தவையல்ல. ஆயினும் அவற்றின் பெருமைக்கு ஒரு குறைவும் இல்லை. ஊர்விட்டு ஊர் செல்லும் நிலை அந்த மஹாசாரியருக்கும் ஏற்பட்டது. சென்ற இடந்தோறும் அவ்விடத்திற்கு வேண்டிய கைங்கர்யம் எதுவோ அதை அவர் செய்தார். அதனால் அவ்விடம் அவருடையதாயிற்று. அவர் மீண்டும் அரங்கத்திற்கு எழுந்தருளியபோது, பிரிவாற்றாத அடியார்களுக்காக மேல்கோட்டையில் நிலைபெற்றதே “தமர் உகந்த திருமேனி”.

இதிலிருந்து குடும்பஸ்தர்கள் கைக்கொள்ளத்தக்க க்ரமம் இது. முதலாவது, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே பூர்வீக ஊர், அவ்வூர்ப் பெருமாள் திருநாமம், குலத்தின் ஆசார்ய ஸம்பந்தம் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டியுடன் மறைந்துபோன செய்தியை எந்தப் புஸ்தகத்திலும் தேடிப் பெற இயலாது. இரண்டாவது, குடியிருக்கும் இடத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய ஒரு பெருமாள் ஸந்நிதியைத் தேர்ந்து, அங்கே தவறாமல் செல்ல வேண்டும். அங்கு நடப்பது பாஞ்சராத்ரமா வைகானஸமா, திருமண்காப்பு எவ்விதம் என்ற விசாரத்தால் விலகி நிற்க வேண்டுவதில்லை. திருவரங்கம் பாஞ்சராத்ரப்படியும் திருமலை வைகானஸப்படியும் நடக்கின்றன. இரண்டையும் பூர்வாசாரியர்கள் போற்றினார்கள். கோயிலில் கோயில் வழக்கமும், வீட்டில் தம் ஆசார்யனுடைய வழக்கமும் என்று இருந்தால் விரோதம் ஒன்றும் இல்லை. மூன்றாவது, ஒரு சிறு கைங்கர்யமாவது ஏற்க வேண்டும். உடையவரின் நியமனத்தால் அனந்தாழ்வான் திருமலை ஏறி நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கர்யம் செய்தார். ஸேவித்துத் திரும்புகிறவனுக்குக் கோயில் பிறருடையது. புஷ்பம் தொடுத்துக் கொடுக்கிறவனுக்கு அது தன்னுடையது.

ஓர் உதாரணம் கொள்ளலாம். தந்தை வருஷந்தோறும் குடும்பத்துடன் பெரிய க்ஷேத்ரங்களுக்குச் சென்று, நெடுநேரம் வரிசையில் நின்று, ஒரு நொடி ஸேவித்துத் திரும்புகிறார். அது பாக்யமே, குறை சொல்லத்தக்கதன்று. அதே சமயத்தில் அவருடைய பாட்டனார் அருளிச்செயல் கோஷ்டியில் நின்ற கிராமத்துக் கோயிலில் ஒருகால பூஜை மட்டும் நடக்கிறது. ஒரே அர்ச்சகர் திருவிளக்கேற்றி, தாமே தளிகை செய்து, திருவாராதனம் முடித்துக் கதவைச் சாத்துகிறார். தீர்த்தம் வாங்க ஒரு கை நீளவில்லை. பெருமாள் அங்கேதான் காத்திருக்கிறார். எண்ணெய்க்கும் அரிசிக்கும் குறைவு நேர்ந்தாலும் அவர் வாய் திறந்து கேட்பதில்லை. அர்ச்சாவதாரத்தின் எளிமை என்பது இதுவும்தான். அக்குடும்பம் வருஷத்தில் ஒரு நாள் அங்கே சென்று, ஒரு வேளைத் தளிகைக்கு ஏற்பாடு செய்து, குழந்தைகளின் கையால் திருத்துழாய் ஸமர்ப்பித்தால், “எங்கள் பெருமாள் யார்?” என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

பூர்வீகம் அறவே தெரியாதவர்களும் வருந்த வேண்டுவதில்லை. அருகிலுள்ள ஸந்நிதியில் இன்று தொடங்கும் கைங்கர்யமே அவர்களுடைய பேரன்மார்களுக்குப் பூர்வீகமாகும். இந்த உத்ஸவத்தை ஸேவிக்க வந்துள்ள அடியார்கள் தீர்த்தமும் ஸ்ரீசடாரியும் பெற்று வீடு திரும்பியபின், தங்கள் தெருவுக்கு அருகிலுள்ள சிறு ஸந்நிதிக்கு அந்த வாரமே ஒருமுறை சென்று ஸேவிப்பார்களாக. அங்கே அர்ச்சகரிடம் “இங்கு என்ன குறைவு?” என்று கேட்பார்களாக. உத்ஸவத்தில் வீதியில் எழுந்தருளி எல்லோருக்கும் ஸேவை ஸாதிக்கும் எம்பெருமான் அந்த ஒரு கேள்வியால் மிகவும் திருவுள்ளம் உகப்பான்.

சுபம்.