அடிபட்ட தொழிலாளியும் நட்டஈட்டுச் சட்டமும்



நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பலர் மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். இன்று நானாட்டான் வயல்கள் இருக்கிற அந்தப் பக்கத்திலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலைக்கு வந்து சேர்ந்த பிறகும், வேலையில் கை கால் போனால் நட்டஈடு கேட்பதற்கென்று ஒரு சட்டம் இருக்கவில்லை. தொரை மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இது மாறியதில் ஒரு வழக்கறிஞருக்கும் பங்குண்டு. அவர்தான் பெரி சுந்தரம். வக்கீல் தொழிலோடு மட்டும் அவர் நின்றுவிடவில்லை. 1919ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் அருணாசலத்தோடு சேர்ந்து தொழிலாளர் நலனுக்காக ஒரு சங்கம் அமைத்தார். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் ஜெயிலில் போடலாம் என்றிருந்த காலம் அது. 1931இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, தொழில் அமைச்சரானார். அவர் அமைச்சராக இருந்தபோதுதான், 1934இல், வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது.

ஒரு வழக்கறிஞர் கோர்ட்டில் வாதாடினால் ஒருவருக்கு நீதி கிடைக்கும். நல்ல சட்டம் ஒன்று வந்தால் ஊருக்கே கிடைக்கும்.

இந்தச் சட்டத்தின் முக்கியமான விஷயம் என்ன? வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தால், தோட்ட நிர்வாகம் தப்புச் செய்தது என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. ஸ்டோர் மெஷினில் விரல் போனாலும், மலையில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தாலும் நட்டஈடு கேட்கலாம். தொழிலாளி இறந்துவிட்டால் அவரை நம்பி இருந்தவர்கள் கேட்கலாம். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்குப் போகிற வழியிலும் திரும்பி வருகிற வழியிலும் நடக்கும் விபத்துகளும் சேர்க்கப்பட்டன.

ஆனால், விபத்து எழுத்தில் பதியாவிட்டால் உரிமை கைநழுவிப் போகும். "சின்னக் காயந்தானே" என்று மஞ்சள் பற்றுப் போட்டு லயத்தில் படுத்துவிடுகிறோம். பிறகு காயம் பெருத்து வேலைக்குப் போக முடியாமல் ஆகும்போது கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. ஆகவே:

1. அன்றைக்கே கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்லி, ஆபீசில் எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

2. ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேலையில் எப்படி அடிபட்டது என்பதை டாக்டரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். மருந்துத் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

3. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் பெயரைக் குறித்து வையுங்கள்.

4. வாசித்து விளங்காத கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

5. நட்டஈடு மறுக்கப்பட்டால், கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளரிடம் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் எழுத உங்கள் தொழிற்சங்கத்திடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ உதவி கேளுங்கள்.

இந்தச் சட்டம் தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. மன்னார், வவுனியா பக்கம் குடியேறி, அங்கே மில்லிலும் பட்டறையிலும் வேலை செய்கிற நம்ம சொந்தங்களுக்கும் இது உண்டு. அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பக்கத்தை இன்று இரவு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும்.