செஞ்சியின் விதியை எழுதிய சமவெளி

செஞ்சிக் கோட்டையை அறியாத மாணவி நம் பக்கத்தில் இல்லை. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய பெருங்கோட்டை அது. ஆயினும் அதன் விதி மலையுச்சியில் முடிவாகவில்லை. வடகிழக்கே, வந்தவாசி ஊருக்கு வெளியே உள்ள சமவெளியில்தான் முடிவாயிற்று.

1750ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைக் கைப்பற்றினார். அதன்பின் பத்தாண்டுக்கு மேல் பிரெஞ்சுக் கொடியே அங்குப் பறந்தது. மூன்றாம் கர்நாடகப் போரில், 1759 நவம்பரில், ஆங்கிலத் தளபதி அயர் கூட் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். அதை மீட்கப் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டார். கூட் தம் படையுடன் விரைந்து வந்தார். 1760 ஜனவரி 22ஆம் நாள் இரு படைகளும் மோதின.

இரு பக்கமும் ஐரோப்பிய வீரர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். பிறகு ஏன் ஒரு பக்கம் தோற்றது? லாலியின் வீரர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி; சில மாதங்களுக்கு முன்பே அவர்கள் கலகம் செய்திருந்தனர். பிரெஞ்சுக் கப்பற்படையும் இக்கடலை விட்டுச் சென்றுவிட்டது. ஆங்கிலேயருக்கோ வங்காளத்தின் செல்வமும் கடல்வழியும் துணைநின்றன. போரின் நடுவே ஏரிக்கரை அருகே இருந்த பிரெஞ்சு வெடிமருந்து வண்டி குண்டு பட்டு வெடித்தது, அணி குலைந்தது. பத்தாண்டுக்கு முன் செஞ்சியை வென்ற அதே புஸ்ஸி அன்று சிறைப்பட்டார்.

1761 ஜனவரியில் புதுச்சேரி பட்டினியால் பணிந்தது. உதவிக்கு வர எவருமின்றித் தனித்து நின்ற செஞ்சி, ஏப்ரல் 5ஆம் நாள் சரணடைந்தது. தாய்நாடு திரும்பிய லாலிக்கு 1766இல் பாரிசில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

மாணவியரே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். கூட் அயர்லாந்தில் பிறந்தவர். லாலியின் தந்தையும் அயர்லாந்துக்காரர். அவர்கள் போரிட்டதோ நம் மண்ணுக்காக! இரு படைகளிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தனர். தளபதிகளின் பெயரைப் பாடநூல் சொல்கிறது. அந்தச் சிப்பாய்களின் பெயரை யார் சொல்வார்? வந்தவாசி வழியே செல்லும்போது அவர்களையும் நினையுங்கள். மதில் எவ்வளவு உயர்ந்தாலும், உள்ளே இருப்போரிடம் ஒற்றுமையும் வெளியே துணையும் இல்லையெனில் அது வெறும் கல்லே. செஞ்சி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.