தாழ்ந்த காரும் தேய்ந்த முழங்காலும்

கேள்வி: எனக்கு 68 வயது. ரொறன்ரோவில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற கையோடு, இளவயதிலிருந்தே ஆசைப்பட்ட மஸ்டா மியாட்டா ஒன்றை வாங்கினேன். 2016 மாடல், கிளட்ச் உள்ளது. போன வருஷம் இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். வலது முழங்காலில் தேய்மானம். நீரிழிவுக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கிறேன். ஓட்டும்போது ஒரு நோவும் இல்லை, இறங்குவதுதான் பெரும்பாடு. போன கிழமை கடை வாசலில் நான் தவித்ததைப் பார்த்த மகன், "வித்துப்போட்டு உயரமான வாகனம் ஒண்டை வாங்குங்கோ அப்பா" என்கிறான். விற்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள் ஐயா. ஓட்டும்போது வலி இல்லை, எழும்பும்போதுதான் வலி என்கிறீர்கள். அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது எழும்பும் முறையை.

மியாட்டாவின் மொத்த உயரமே ஏறக்குறைய 1.24 மீட்டர்தான். சீட்டில் இருந்தபடி கால்களை வெளியே ஊன்றினால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்துவிடும். அங்கிருந்து உடம்பைத் தூக்கும் பாரம் முழுவதும் தொடையின் முன்தசைக்கும் பிட்டத் தசைக்கும் போகிறது. பலர் ஒரு காலை மட்டும் வெளியே வைத்து, இடுப்பை முறுக்கி, கதவைப் பிடித்து இழுத்து எழும்புகிறார்கள். செயற்கை மூட்டுக்கு ஆழமான மடக்கும் முறுக்கும் சேர்ந்து வருவது ஆகாது. கதவும் அசைந்துகொடுக்கும், விழ நேரிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். நிறுத்தியதும் சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, ஸ்டீயரிங்கை மேலே உயர்த்துங்கள். (முன்னும் பின்னும் இழுக்கக்கூடிய ஸ்டீயரிங் 2019 மாடலில்தான் வந்தது. உங்களுடையதில் உயரத்தை மட்டும்தான் மாற்றலாம்.) பிறகு உடம்பையும் இரு கால்களையும் ஒன்றாகவே வெளிப்பக்கம் திருப்புங்கள். சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்று அகட்டி ஊன்றி, ஒரு கையைச் சீட்டிலும் மறு கையைக் கதவின் கீழ்ப்படியிலும் அழுத்தி எழும்புங்கள். ஏறும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே கொண்டுவர வேண்டும். சீட்டில் பொலித்தீன் பை விரித்தால் எளிதாகத் திரும்பலாம். ஆனால் ஓட்டுமுன் அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். விபத்தில் உடம்பு வழுக்கி பெல்ட்டுக்குக் கீழே போய்விடும்.

திறக்கும் கூரை உங்களுக்குக் கிடைத்த வரம். ஏறுமுன்னும் இறங்குமுன்னும் அதைத் திறந்துவிட்டால் தலையைக் குனிய வேண்டியதில்லை, முதுகு நிமிர்ந்தே இருக்கும். கடைகளில் கதவு முழுவதும் திறக்கும்படி ஓர இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், சற்று நடக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

குளிர்காலம் முழுக்கக் கார் கராஜில்தானே நிற்கும்? அந்த மாதங்களில் தசையை வளர்க்கலாம். சாப்பாட்டுக் கதிரையில் தலையணை வைத்து உயர்த்தி, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழும்பப் பழகுங்கள். அது சுலபமானதும் தலையணையை எடுத்துவிடுங்கள். கார் சீட்டின் அளவுக்கு இன்னும் தாழ இறங்குவதற்கு முன், இடுப்பை எவ்வளவு மடக்கலாம் என்று உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். மூட்டு வைத்த முறையைப் பொறுத்து அது மாறும். முழங்கால் வீங்கினால் இரண்டொரு நாள் ஓய்வு கொடுங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது மூட்டு அல்ல, நீங்கள் போகிற போக்கில் சொன்ன நீரிழிவும் பிரஷரும்தான். தாழ்ந்த சீட்டிலிருந்து சட்டென எழும்பினால், பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்குத் தலை சுற்றலாம். இரு கால்களையும் வெளியே வைத்து அரை நிமிஷம் இருந்துவிட்டு எழும்புங்கள். நீரிழிவு நீண்டகாலம் இருந்தால் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மங்கும். மங்குவது பலருக்குத் தெரிவதே இல்லை. பிரேக்கில் கால் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பாதம்தான் சொல்ல வேண்டும்.

இந்த மாதமே குடும்ப வைத்தியரிடம் பாதப் பரிசோதனை செய்யுங்கள். உணர்ச்சி சரியாக இருந்தால் காரை மகிழ்ச்சியோடு வைத்துக்கொள்ளுங்கள். குறைந்திருந்தால் மகன் சொல்லும் உயரமான வாகனமும் தீர்வாகாது. வைத்தியர் அனுமதிக்கும்வரை எந்த வாகனத்தையும் ஓட்டாதீர்கள்.